இருதய நாடியில் வைக்கும் ஸ்ரென்டும் அதன் மேற்பூச்சும்



சென்ற மாதம் எமது வானொலியில் நான் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம் இது. ஒலிபரப்பு முடிந்த பின்னர் தொலைபேசியில் நீங்கள் கேட்ட சில கேள்விகளுக்குரிய பதில்களையும் கடைசியில் சேர்த்துள்ளேன். நான் வைத்தியர் அல்ல. செயின்ட்-மிஷேலிலும் அதன் அயலிலும் வசிக்கும் எம்மவர்களுக்கு, குறிப்பாகப் பிரெஞ்சு தெரியாத முதியவர்களுக்கு, வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பு உதவி செய்து வருபவன். அங்கு கேட்டதையும், பின்னர் தேடி வாசித்ததையும் எளிய தமிழில் சொல்வதே என் நோக்கம்.

நெஞ்சு நோவுடன் போனவர் சில நாட்களில் வீடு திரும்புகிறார். கையில் ஒரு சிறிய அட்டையும் ஒரு நீண்ட மருந்துச் சீட்டும் இருக்கும். "என்ன செய்தவை?" என்று கேட்டால், "ஏதோ கம்பி வைச்சவை" என்பார். அந்தக் கம்பியின் மேல் ஒரு மருந்து பூசப்பட்டிருக்கிறது என்பது அநேகருக்குத் தெரியாது. அது தெரியாததால் வருகிற ஆபத்துப் பெரிது. நோ மாறிவிட்டது, இனி எதற்குக் குளிசை என்று ஒருவர் தானாக முடிவெடுத்தால், அந்த முடிவே உயிருக்கு உலை வைத்துவிடும்.

இது எங்களுக்குத் தூரத்து விடயமும் அல்ல. ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் ஆகிய மூன்று கனடிய நகரங்களில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, தெற்காசியரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு இருதய, இரத்தக்குழாய் நோய் இருந்ததாகக் கண்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் அது 5 பேர், சீனரில் 2 பேர். எங்கள் வீடுகளில் சீனி வருத்தமும் பிறசரும் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும்.

மேற்பூச்சு ஏன்?

ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவித்தது நினைவிருக்கும். பூசாத பாத்திரத்தில் புளி விட்டுச் சமைத்தால் கறி களிம்பேறிக் கெட்டுவிடும். பாத்திரம் பலமாக இருப்பது பித்தளையால். ஆனால் கறி தொடுவது பித்தளையை அல்ல, ஈயத்தை. பலம் ஒன்றிலிருந்தும், தொடும் முகம் இன்னொன்றிலிருந்தும் வருகிறது.

உடலுக்குள் வைக்கும் உலோகத்துக்கும் இதே கணக்குத்தான். உடல் அந்த உலோகத்தைச் சந்திக்கிற இடம் அதன் மேற்பரப்பு மட்டுமே. பிடிப்பதா, விலக்குவதா, இரத்தம் உறைவதா என்பதெல்லாம் அந்த மேற்பரப்பில்தான் தீர்மானமாகிறது.

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையை எடுத்துக்கொள்வோம். தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டின் மேல், எங்கள் எலும்பிலேயே உள்ள கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமத்துக்கு மிக நெருங்கிய ஒன்றைப் பூசுவது உண்டு. ஹைட்ரொக்சி அபற்றைற்று என்பது அதன் பெயர். மிகக் கடுமையான வெப்பமுள்ள பிளாஸ்மாச் சுவாலையில் அந்தத் தூளை உருக வைத்து, உலோகத்தின் மேல் விசிறி அடிப்பார்கள். இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் றொனால்ட் பேர்லோங் 1985இல் இத்தகைய மூட்டை மனிதருக்குப் பொருத்தினார். எலும்பு அந்தப் பூச்சைத் தன் இனமாக எண்ணி அதன்மேல் வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பூச்சு உடலைப் பார்த்து "வந்து வளர்" என்கிறது. இருதய நாடியில் வைக்கும் ஸ்ரென்டின் பூச்சோ "பொறு, வளராதே" என்கிறது. நன்மையும் ஆபத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பலூனிலிருந்து ஸ்ரென்ட் வரை

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் கல்சியமும் படிந்து வழி ஒடுங்குவதே அடைப்பு. 1977 செப்ரெம்பரில் சூரிச் நகரில் அன்ட்றியாஸ் குறுன்சிக் என்ற வைத்தியர், நெஞ்சைப் பிளக்காமல், காலில் உள்ள நாடி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்த சிறு பலூனை ஊதி அடைப்பை விரித்தார். அது பெரிய முன்னேற்றம். ஆனால் விரித்த நாடி சிலருக்கு உடனே சுருங்கியது. மூவரில் ஒருவர் அளவில் ஆறு மாதத்துக்குள் மீண்டும் ஒடுங்கியது.

மணற்பாங்கான காணியில் கிணறு வெட்டினால் பக்கம் சரியும். அதற்காகச் சீமெந்து வளையங்களை இறக்குவோம். அதே யோசனைதான் ஸ்ரென்ட். பலூன் விரித்த இடத்தில் ஒரு சிறிய உலோக வலைக் குழாயை வைத்துவிட்டால் சுவர் சரியாது. 1986 மார்ச்சில் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் புயெல் என்ற வைத்தியர் மனித இருதய நாடியில் முதலாவது ஸ்ரென்டை வைத்தார். அந்த ஆண்டு யூனில்தான் எங்கள் செயின்ட்-மிஷேல் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வரத் தொடங்கிய காலமும் ஸ்ரென்டின் காலமும் ஒன்றுதான்.

ஆயினும் வெறும் உலோக ஸ்ரென்டுக்கும் ஒரு குறை இருந்தது. நாடிச் சுவரில் ஒரு காயம் பட்டால் உடல் அதை ஆற்றப் பார்க்கும். சுவரில் உள்ள தசைக் கலங்கள் பெருகி, வலையின் கண்களுக்குள்ளால் உள்ளே வளரும். கிணற்று வளையங்களின் இடைவெளியால் வேர் நுழைவது போல. வெறும் உலோக ஸ்ரென்ட் வைத்தவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் இப்படி மீண்டும் ஒடுக்கம் வந்தது. அந்த வளர்ச்சியை அந்த இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கும் ஒரு மருந்து தேவைப்பட்டது. அந்த மருந்து பிறந்த இடம் எங்கள் மொன்றியல்.

ஈஸ்ரர் தீவு மண்ணும் மொன்றியல் ஆய்வுகூடமும்

1964 நவம்பரில் ஹலிபக்ஸ் துறைமுகத்திலிருந்து கேப் ஸ்கொற் என்ற கனடியக் கடற்படைக் கப்பல், பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஈஸ்ரர் தீவுக்குப் புறப்பட்டது. மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ரான்லி ஸ்கொரினா தலைமையில் ஒரு மருத்துவக் குழு அதில் சென்றது. தீவில் விமான நிலையம் கட்டப்பட்டு வெளியுலகம் உள்ளே வருமுன், அங்குள்ள மக்களின் உடல்நலத்தைப் பதிவுசெய்வது நோக்கம். குழுவிலிருந்த ஜோர்ஜ் நோகிறாடி என்ற மொன்றியல் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர், ஏற்புவலிக் கிருமி அங்கு உண்டா என்று அறிய, தீவின் பல பகுதிகளிலிருந்தும் மண் சேகரித்து வந்தார்.

அந்த மண் மாதிரிகள் பின்னர் மொன்றியலில் இயங்கிய ஏயர்ஸ்ற் மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குக் கிடைத்தன. அங்கு பணிபுரிந்த குளோட் வெசினா, சுரேந்திர நாத் சேகல் ஆகியோரின் குழு, மண்ணிலிருந்த ஒரு பற்றீரியா உண்டாக்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1975இல் வெளியிட்டது. தீவு மக்கள் தங்கள் மண்ணை ரப்பா நுயி என்று அழைப்பதால் அதற்கு ரப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

சேகல் அவர்களைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அவர் 1932இல் குஷாப் என்ற ஊரில் பிறந்தவர். 1947 பிரிவினைக்குப் பின் அந்த ஊர் பாக்கிஸ்தானுக்குள் போய்விட்டது. பிறந்த ஊர் வேறு நாடாகிப் போன மனிதர் அவர். காசியிலும் பின்னர் இங்கிலாந்தின் பிறிஸ்ரலிலும் படித்துக் கனடாவுக்கு வந்தார்.

பூஞ்சணத்துக்கு மருந்தாக முதலில் பார்க்கப்பட்ட ரப்பாமைசின், உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதாகத் தெரிந்ததால் ஓரங்கட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடியது. சேகல் அமெரிக்காவின் நியூ ஜேர்சிக்கு மாற்றப்பட்டார். அந்தப் பொருளைக் கைவிட மனம் வராமல், சில குப்பிகளைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடாதபடி எச்சரிக்கை எழுதி ஒட்டிக் கொண்டுபோனார் என்று அவரது குடும்பத்தார் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். புதிய நிர்வாகம் வந்ததும் அவர் மீண்டும் வலியுறுத்தினார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குணம் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தேவையானது அல்லவா? 1999இல் அதற்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிரோலிமஸ் என்பது அதன் இன்னொரு பெயர்.

அந்த மருந்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. கலம் பிரிந்து பெருகுவதற்கு ஆயத்தமாகும் கட்டத்திலேயே அதை நிறுத்தி வைக்கிறது. கலத்தைக் கொல்வதில்லை, காத்திருக்க வைக்கிறது. ஸ்ரென்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் எட்வார்டோ சூசா என்ற வைத்தியர், சிரோலிமஸ் பூசிய ஸ்ரென்டை மனிதருக்கு முதன்முதலில் வைத்தார். 2002இல் 238 நோயாளர்களைக் கொண்ட ஒரு பரிசோதனையின் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் வெறும் உலோக ஸ்ரென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 26.6 பேருக்கு ஒடுக்கம் மீண்டும் வந்திருந்தது. மருந்து பூசிய ஸ்ரென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

2003 ஏப்ரலில் சைபர் என்ற பெயருடைய அந்த ஸ்ரென்டுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. சேகல் அதைக் காணவில்லை. மூன்று மாதங்களுக்கு முன், அந்த ஆண்டு ஜனவரியில், புற்றுநோயால் காலமாகிவிட்டார். மண்ணைக் கொடுத்த தீவு மக்களுக்கும் இந்த மருந்தின் வருமானத்தில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பூச்சு எப்படி வேலை செய்கிறது?

சைபர் ஸ்ரென்டின் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி 140 மைக்ரோன் தடிப்பு. அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்கு. அதன்மேல் பூச்சு மூன்று அடுக்கு. முதலாவது, உலோகத்தோடு நன்றாக ஒட்டிப் பிடிக்கும் அடித்தளம். இரண்டாவது, பிளாஸ்ரிக் போன்ற பொலிமரும் மருந்தும் கலந்த அடுக்கு. மூன்றாவது, மருந்து ஒரேயடியாகக் கொட்டுப்படாமல் மெல்ல மெல்லக் கசிய விடும் மூடி. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு தலைமயிரின் தடிப்பில் சிறு பகுதிதான்.

மருந்தின் அளவு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 140 மைக்ரோகிராம். சிறுநீரகம் மாற்றியவர் இதே மருந்தைக் குளிசையாக நாளாந்தம் ஏறக்குறைய 2 மில்லிகிராம் எடுக்க வேண்டியிருக்கும். இங்கோ அதில் சிறு பங்கு ஒரே தடவை, தேவையான அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்குகிறது. மருந்தின் பெரும் பகுதி முதல் மாதத்துக்குள் வெளியேறிவிடும். சுவர் காயம் ஆறுகிற நெருக்கடியான காலம் அதுதான்.

சைபர் 2011க்குப் பின்னர் தயாரிப்பில் இல்லை. ஆனால் அதன் வழிவந்தவை இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. எவரோலிமஸ், சொட்டரோலிமஸ், பயோலிமஸ் என்று உங்கள் அட்டையில் எழுதியிருந்தால், அவை எல்லாம் ரப்பாமைசின் குடும்பத்துப் பிள்ளைகள். எங்கள் பகுதிக்கு அண்மையில், பெலோஞ்சே வீதியில் உள்ள மொன்றியல் இருதய நிறுவனத்துக்கு நம்மில் ஒருவர் நெஞ்சு நோவுடன் போய், இந்தக் குடும்பத்து மருந்து பூசிய ஸ்ரென்டோடு திரும்பினால், மொன்றியலில் பிறந்த ஒரு மருந்தின் பிள்ளையைத்தான் அவர் நெஞ்சில் சுமந்து வருகிறார்.

பூச்சின் மறுபக்கம்

இனித்தான் முக்கியமான பகுதி. தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

நாடியின் உட்புறம் மிக மெல்லிய, வழுவழுப்பான ஓர் உட்தோலால் மூடப்பட்டிருக்கிறது. இரத்தம் அதன்மேல் ஓடும்வரை உறைவதில்லை. ஸ்ரென்ட் வைத்ததும் அதன் கம்பி இரத்தத்துக்கு நேரே வெளித்தெரிகிறது. அந்நியப் பொருளைக் கண்ட இரத்தம் அதில் உறையப் பார்க்கும். அந்தக் கம்பியின் மேல் உட்தோல் வளர்ந்து மூடினால்தான் ஆபத்து நீங்கும். வெறும் உலோகத்தில் இது சில வாரங்களில் பெருமளவு நடந்துவிடும்.

ஆனால் மருந்து தசைக் கலம், உட்தோல் என்று ஆள் பார்ப்பதில்லை. தேவையற்ற வளர்ச்சியைப் பொறு என்று நிறுத்தும் அதே மருந்து, தேவையான உட்தோலையும் தாமதிக்கச் செய்கிறது. பழைய பொலிமர்கள் சிலருக்கு அழற்சியையும் உண்டாக்கின. றேணு விர்மாணி என்ற நோயியல் நிபுணரும் அவரது குழுவினரும், இறந்தவர்களின் நாடிகளில் ஸ்ரென்டைச் சோதித்து இந்தத் தாமதத்தைக் காட்டினார்கள். 2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இருதய மாநாட்டில் இந்த அச்சம் உலகச் செய்தியாகியது.

மூடப்படாத கம்பியில் இரத்தம் உறைந்தால் நாடி திடீரென முற்றாக அடைபடும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து பூசிய ஸ்ரென்ட் வைத்த 2229 பேரில் ஒன்பது மாதத்துக்குள் 29 பேருக்கு இப்படி நடந்தது. அந்த 29 பேரில் 13 பேர் இறந்துபோனார்கள். இதற்கு முதற் காரணியாகக் கண்டது எது தெரியுமா? இரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளிசைகளைக் காலத்துக்கு முன்னரே நிறுத்தியதுதான்.

இதனால் பயந்துவிட வேண்டாம். இன்றைய ஸ்ரென்டுகள் மிகவும் திருந்தியவை. கம்பி 80 மைக்ரோன் அளவுக்கு மெலிந்துவிட்டது. பொலிமர் இரத்தத்தோடு நன்றாக இணங்கிப் போகிறது. சிலவற்றில் பூச்சு நாடிச் சுவரைத் தொடும் வெளிப்பக்கத்தில் மட்டும் இருக்கும், சில மாதங்களில் கரைந்தும் போகும். பொலிமரே இல்லாமல், கரடாக்கிய உலோகத்திலேயே மருந்தைப் பிடித்து வைக்கும் வகையும் உண்டு. இரத்தப்போக்கு ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் அந்த வகையை வெறும் உலோக ஸ்ரென்டோடு ஒப்பிட்டு, ஒரு மாதம் மட்டும் இரட்டைக் குளிசை கொடுத்துச் சோதித்தபோது, அது மேலானதாக இருந்தது என்று 2015இல் வெளியானது. ஆபத்துக் குறைந்திருக்கிறது. இல்லாமற் போகவில்லை. பூச்சின் மீதி வேலையைக் குளிசைதான் செய்கிறது.

நேயர்கள் கேட்டவை

இரண்டு குளிசைகள் எவை, எவ்வளவு காலம்? ஒன்று அஸ்பிரின். மற்றது குளோபிடோகிறெல், ரிக்காகிறெலோர், பிறசுகிறெல் ஆகியவற்றில் ஒன்று. பிளாவிக்ஸ், பிரிலின்ரா என்ற பெயர்களில் கண்டிருப்பீர்கள். மாரடைப்போடு வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம், திட்டமிட்டு வைத்தவர்களுக்கு ஆறு மாதம் என்று இரண்டும் தொடரும். இரத்தப்போக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு இன்னும் குறைக்கலாம். அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். உங்களுக்குரிய காலத்தை உங்கள் இருதய வைத்தியரே சொல்ல வேண்டும். வீடு திரும்புமுன் திகதியைக் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பல்லுப் பிடுங்க வேண்டும், குளிசையை நிறுத்தலாமா? தானாக நிறுத்தக் கூடாது. அநேகமான பல் வேலைகளைக் குளிசை எடுத்துக்கொண்டே செய்யலாம். பல் வைத்தியரிடம் அட்டையைக் காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் இருதய வைத்தியருடன் பேசட்டும். அவசரமில்லாத வேறு சத்திரசிகிச்சை என்றால் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

விரத நாட்களில் என்ன செய்வது? கந்தசஷ்டியோ வெள்ளியோ, குளிசையையும் ஒரு மிடறு தண்ணீரையும் விட வேண்டாம். முருகன் கோபிக்க மாட்டார்.

ஊருக்குப் போகும்போது? நல்லூர்த் திருவிழாவுக்கென்று போய் இரண்டு மாதம் நிற்பவர்கள், நிற்கும் நாட்களுக்கும் மேலதிகமாக இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் குளிசை எடுத்து, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி தவறும்போது குளிசையும் தவறும். சீட்டு முடிந்துவிட்டது, வைத்தியரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை என்றால், பார்மசியில் கேளுங்கள். கியூபெக்கில் 2015 முதல் மருந்தாளர் சீட்டின் காலத்தை நீடித்துத் தர இடமுண்டு.

விமான நிலையத்தில் சத்தம் போடுமா, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? ஸ்ரென்ட் மிகச் சிறியது, சாதாரணமாகச் சத்தம் வராது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் அட்டையைக் காட்டியே எடுக்க வேண்டும். அட்டையில் எந்த வகை, எந்தத் திகதி, எந்த நாடி என்றெல்லாம் இருக்கும். பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருப்பது நல்லது.

குளிசையால் இரத்தம் கசிகிறதே? பல் முரசில் சிறிது கசிவதும், சிறு அடிக்குக் கண்டிப்போவதும் நடக்கும். நிறுத்தாமல் வைத்தியரிடமோ, 811 இலக்கத்தில் தாதியிடமோ கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனால், இரத்த வாந்தி வந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வயிற்றெரிவுக்கு நீங்களாக வாங்கும் குளிசையும் சில வேளை குளோபிடோகிறெலின் வேலையைக் குறைக்கும். வாங்குமுன் மருந்தாளரிடம் கேளுங்கள்.

மீண்டும் நெஞ்சு நோ வந்தால்? நெஞ்சு இறுகினால், இடக்கைக்கோ தாடைக்கோ நோ பரவினால், வியர்த்து மூச்சு வாங்கினால், மகன் வேலையால் வரட்டும் என்று காத்திராமல் 911ஐ அழையுங்கள். மொழி தெரியாவிட்டாலும் நெஞ்சு என்பதற்குப் பிரெஞ்சில் "புவாத்ரீன்", இருதயம் என்பதற்கு "கேர்". இந்த இரண்டு சொற்களையும் வீட்டிலுள்ள முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, விலாசத்தையும் பிரெஞ்சில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இந்தக் கட்டுரையை வாசிக்க முடியாத அப்பா, அம்மா, மாமா, மாமிமார் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கடைசிப் பகுதியையாவது வாசித்துக் காட்டுங்கள். அவர்களது அட்டையையும் குளிசைப் பெட்டியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த மாத உரையில் சீனி வருத்தம் உள்ளவர்களின் கால் பராமரிப்புப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். கேள்விகள் இருந்தால் முன்கூட்டியே அறியத் தாருங்கள்.